ஒரு ராத்திரிக்கு மட்டும் நீங்கள் காவல்

மலேசியாவில், ஈப்போவை ஒட்டிய எங்கள் சிம்பாங் பூலாயில் அக்டோபர் பிறந்தால் மாலை மழை தப்பாது. மத்தியானம் வரை கல் மலைகள் வெயிலில் வெள்ளையாய்த் தகிக்கும். சாயங்காலம் கேமரன் மலைப் பக்கம் கறுத்துக்கொண்டு வந்து கொட்டித் தீர்க்கும். மழை விட்ட ராத்திரிகளில்தான் எங்கள் தாமான் குடியிருப்புப் பிள்ளைகள் என்னைத் தேடி வருகிறார்கள். "தாத்தா, சாக்கடை ஓரமா ஒரு குட்டி கிடக்குது. பூனைக்குட்டி மாதிரி இருக்கு, ஆனா பூனை இல்ல." பெரும்பாலும் அது மூசாங் குட்டி. பாடப்புத்தகத்தில் மரநாய் என்று போட்டிருப்பார்கள்.

மூசாங் எங்களுக்குப் புதிய விலங்கு இல்லை. தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு விடியுமுன் பால்மரம் வெட்டப் போன காலத்திலிருந்து அதைப் பார்த்து வருகிறேன். இருட்டில் எங்கிருந்தோ பாண்டான் இலை வாசம் வரும். விளக்கைத் திருப்பினால் கிளையில் இரண்டு கண் மினுங்கும். அன்று அதற்குத் தங்க மரப்பொந்து இருந்தது. இன்று ரப்பர் போய்ச் செம்பனை வந்துவிட்டது, செம்பனையும் போய் வீடுகள் வந்துகொண்டிருக்கின்றன. அதனால் மூசாங் நம் வீட்டு சீலிங்கில் குட்டி போடுகிறது. ஆண்டு முழுதும் குட்டி போடும் விலங்குதான் என்றாலும், அக்டோபர் முதல் டிசம்பர் வரை குட்டிகள் அதிகம் கண்ணில் படும். சரியாக மழைக்காலம். தாய் சாலையில் அடிபட்டாலோ, கூரையிலிருந்து குட்டி தவறி விழுந்தாலோ, நனைந்து, மெலிந்து, உடம்பு சில்லிட்டுக் கிடக்கும்.

இப்படி ஒரு குட்டியை முதன்முதலாகக் கையில் எடுக்கப்போகும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். நான் சொல்லும் எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒன்றுதான்: நீங்கள் அதை வளர்க்கப் போவதில்லை. பொறுப்பானவர்கள் கையில் சேரும் வரை அதன் உயிரைப் பிடித்து வைத்திருக்கப் போகிறீர்கள். பெரும்பாலும் அது ஒரு ராத்திரி வேலை. அந்த ஒரு ராத்திரியைச் சரியாகச் செய்தால் போதும்.

1. எடுக்குமுன் தாய்க்கு நேரம் கொடுங்கள்.

தரையில் தனியாகக் கிடக்கும் குட்டியெல்லாம் அநாதை இல்லை. மூசாங் தாய் குட்டிகளை ஒவ்வொன்றாகக் கவ்வி இடம் மாற்றும். நடுவில் ஆள் நடமாட்டம் கண்டால் விட்டுவிட்டு ஒதுங்கி நிற்கும். குட்டி உடம்பு கதகதப்பாக இருந்து, காயம் எதுவும் இல்லாமல் கத்திக்கொண்டிருந்தால், ஆழமில்லாத பெட்டியில் துணி விரித்து, கண்டெடுத்த இடத்திலேயே மழை படாத மறைவில் வையுங்கள். நாயைக் கட்டுங்கள், வாசல் விளக்கை அணையுங்கள், வீட்டுக்குள்ளே போய்விடுங்கள். தாய் இருட்டில்தான் வரும். மனித வாடை பட்டால் தாய் சேர்த்துக்கொள்ளாது என்பது பெரும்பாலும் வெறும் பேச்சு.

ஆனால் குட்டி குளிர்ந்திருந்தால், ரத்தம் இருந்தால், ஈ மொய்த்தால், பூனையோ நாயோ கவ்வியிருந்தால், தாய் செத்துக் கிடப்பதைக் கண்ணால் பார்த்திருந்தால் காத்திருக்க வேண்டாம். எடுத்துக்கொள்ளுங்கள்.

2. என்ன விலங்கு என்று நிச்சயப்படுத்துங்கள்.

பூனைக்குட்டிக்குப் பின்காலில் நாலு விரல், மூசாங் குட்டிக்கு ஐந்து. முகம் பூனையைவிடக் கூராக இருக்கும். முதுகில் கருப்புப் புள்ளிகள் வரிசையாக ஓடும். வால் நீளம்.

உடம்பெல்லாம் செதில் இருந்தால் அது எறும்புத்தின்னி, மலாயில் தெங்கிலிங். எறும்பும் கறையானும் தவிர வேறு உண்ணாது. உலக அளவில் அழிவின் விளிம்பில் நிற்கும் விலங்கு. வாயில் எதையும் ஊட்டாமல், இருட்டான கனமான பெட்டியில் வைத்து உடனே வனவிலங்கு இலாகாவுக்குத் தகவல் சொல்லுங்கள். பெரிய வட்டக் கண்ணோடு மெதுவாக நகர்ந்தால் தேவாங்கு. அதன் கடியில் நஞ்சு உண்டு, கையால் தொடக்கூடாது.

எலியைவிடப் பெரிதாக, தலை வெள்ளையும் உடம்பு கறுப்புமாக, அழுகின வெங்காய நெடியோடு ஒன்று அகப்பட்டால் அது தீக்குஸ் பூலான். முள் இல்லாவிட்டாலும் அது முள்ளெலிக் குடும்பத்தைச் சேர்ந்தது. தமிழ்நாட்டின் வறண்ட சீமைகளில் திரியும் முள்ளெலிக்கு நம் காட்டில் இருக்கும் சொந்தக்காரன்.

3. உங்கள் கையைக் காத்துக்கொண்டு தொடுங்கள்.

கையுறை போடுங்கள், இல்லாவிட்டால் தடித்த துண்டால் மூடி எடுங்கள். பால் பல் முளைத்த குட்டியும் ரத்தம் வரக் கடிக்கும். கடித்தால் சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டுக் கிளினிக்குக்குப் போங்கள். வெறிநாய்க்கடி நோய் நம் நாட்டிலும் உண்டு, அதில் விளையாட்டு வேண்டாம். குட்டியை வைத்திருக்கும் அறையில் சின்னப் பிள்ளைகளையும் வீட்டு நாய் பூனையையும் விடாதீர்கள். அதன் துணியைத் தனியாகத் துவையுங்கள்.

நம் கிந்தா பள்ளத்தாக்கில் இருப்பவர்களுக்கு இதை அழுத்திச் சொல்ல எனக்குக் காரணம் இருக்கிறது. 1998இல் நிப்பா காய்ச்சல் முதலில் தலைகாட்டியது ஈப்போவைச் சுற்றியுள்ள பன்றிப் பண்ணைகளில். பழந்தின்னி வௌவாலிடமிருந்து பன்றிக்கு, பன்றியிடமிருந்து மனிதனுக்கு. 1999இல் அது அடங்கியபோது நாட்டில் 105 பேர் இறந்திருந்தார்கள். அதற்கு நாலு வருஷம் கழித்துச் சீனாவில் சார்ஸ் பரவியபோது, சந்தையில் கூண்டில் அடைத்து விற்ற மரநாய்களில் அந்தக் கிருமி இருந்தது. 2004 ஜனவரியில் குவாங்டோங்கில் ஆயிரக்கணக்கான மரநாய்களைக் கொன்றார்கள். காட்டு விலங்கும் மனிதனும் மிக நெருங்கினால் இரண்டு பேருக்கும் கேடு. பயப்படச் சொல்லவில்லை, கை கழுவச் சொல்கிறேன்.

4. முதலில் சூடு. மற்றதெல்லாம் அப்புறம்.

குட்டியைக் கண்டதும் எல்லாருக்கும் தோன்றுவது, "பாவம், பசிக்குது, பால் கொடு" என்பதுதான். அங்கேதான் குட்டி சாகிறது. குளிர்ந்துபோன உடம்பில் குடல் வேலை செய்யாது. ஊற்றிய பால் வயிற்றில் புளிக்கும். விழுங்கும் பலம் இல்லாததால் பாதி நுரையீரலுக்குள் இறங்கும்.

நமக்குச் சிம்பாங் பூலாய் ராத்திரி குளிராகத் தெரியாது, போர்வை இல்லாமல் தூங்குவோம். நூறு இருநூறு கிராம் எடையுள்ள குட்டிக்கு அப்படி இல்லை. சின்ன உடம்பு சூட்டைச் சீக்கிரம் இழக்கும், ரோமம் நனைந்தால் இன்னும் வேகமாக இழக்கும். அதன் அடிவயிற்றில் புறங்கையை வைத்துப் பாருங்கள். உங்கள் கையைவிட வயிறு சில்லென்று இருந்தால், வாயில் ஒரு சொட்டுகூடப் போடக்கூடாது.

உலர்ந்த துண்டால் ஒற்றியெடுத்து ஈரத்தைப் போக்குங்கள். பக்கம் உயர்ந்த பெட்டியில் பழைய துணி போடுங்கள். பிளாஸ்டிக் போத்தலில் சுடுதண்ணீர் நிரப்பி, மூடியை இறுக்கி, துண்டால் சுற்றிப் பெட்டியின் ஒரு பக்கத்தில் மட்டும் வையுங்கள். மறுபக்கம் காலியாக இருக்கட்டும், சூடு அதிகமானால் குட்டி நகர்ந்துகொள்ள இடம் வேண்டும். துண்டின் மேல் மணிக்கட்டின் உட்புறத்தை வைத்தால் உங்களுக்கு இதமாக இருக்க வேண்டும். தண்ணீர் ஆறியதும் மாற்றுங்கள். ஆறிய போத்தல் குட்டியின் உடம்பிலிருக்கும் சூட்டையே உறிஞ்சும். ராத்திரி கண் விழிக்க வேண்டியது இதற்காகத்தான்.

தலைமுடி உலர்த்தும் கருவி வேண்டாம். அடுப்புப் பக்கம் வேண்டாம். ஏர்கோன் அறை வேண்டவே வேண்டாம். அவசரப்படாமல், ஒன்றிரண்டு மணி நேரத்தில் சூடு மெல்ல ஏறட்டும்.

இந்த முறை நம் ஊருக்கு மட்டும் உரியதல்ல. பிரிட்டனில் முள்ளெலிகள் குளிர்காலம் முழுதும் உறங்கிக் கழிக்கும். அந்த உறக்கத்துக்கு உடம்பில் கொழுப்பு வேண்டும். 450 கிராம்கூடத் தேறாத குட்டியைக் குளிர் தொடங்கும் நேரத்தில் கண்டால் அங்குள்ளவர்கள் எடுத்துப் பராமரிக்கிறார்கள். இதற்கென்றே 1982இல் தொடங்கிய முள்ளெலிப் பாதுகாப்புச் சங்கம் இருக்கிறது. அங்கேயும் முதல் பாடம் துண்டு சுற்றிய சுடுதண்ணீர்ப் போத்தல்தான், பால் கொடுக்காதே என்பதும் அங்கே உள்ள விதிதான். பனி பெய்யும் ஊருக்கும் மழை கொட்டும் ஊருக்கும் முறை ஒன்றே.

5. சூடு ஏறும் நேரத்தில் உடம்பை ஆராயுங்கள்.

டார்ச் லைட்டும் இடுக்கியும் எடுத்துக்கொள்ளுங்கள். காது, கண்ணோரம், வாயோரம், தொடை இடுக்கு, ஆசனவாய், காயம் இருந்தால் காயம். நொய்யரிசி ஒட்டினாற்போல் வெள்ளையாகக் கொத்துக் கொத்தாகத் தெரிவது ஈ முட்டை. நம் ஊர்ச் சூட்டில் ஒரே நாளில் புழுவாகிவிடும், புழு உயிரோடு தின்னும். ஒன்று விடாமல் எடுங்கள். உண்ணியை இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். உண்ணி மருந்து, கொசு மருந்து, மண்ணெண்ணெய் எதையும் தடவாதீர்கள். அவ்வளவு சின்ன உடம்பு அந்த நஞ்சைத் தாங்காது.

6. அடுத்தது நீர்.

பிடரித் தோலை மெல்லக் கிள்ளித் தூக்கி விடுங்கள். உடனே படிந்தால் நல்லது. கூடாரம்போல் நின்று மெதுவாக இறங்கினால் உடம்பில் நீர் வற்றியிருக்கிறது. ஈறு வறண்டு பிசுபிசுத்தாலும் அப்படித்தான்.

மருந்துக்கடையில் வயிற்றுப்போக்குக்கு விற்கும் உப்புச் சர்க்கரைப் பொடியை, பாக்கெட்டில் சொன்ன அளவு தண்ணீரில், கொதித்து ஆறிய நீராகப் பார்த்துக் கலக்குங்கள். வெதுவெதுப்பாக இருக்கட்டும். ஊசி கழற்றிய ஒரு மில்லி சிரிஞ்சில் எடுத்து, வாயோரத்தில் சொட்டுச் சொட்டாக விடுங்கள். ஒரு சொட்டு நக்கி விழுங்கிய பிறகுதான் அடுத்த சொட்டு. முதல் ராத்திரியில் பல குட்டிகளுக்கு இதற்கு மேல் எதுவும் தேவைப்படாது.

7. மாட்டுப்பாலும் டின் பாலும் கொடுக்காதீர்கள்.

தோட்டத்தில் எந்தக் குட்டி கிடைத்தாலும் காப்பிக்கு வைத்திருக்கும் டின் பாலைக் கரைத்துக் கொடுப்பது பழக்கம். அன்பில் செய்ததுதான். ஆனால் மாட்டுப்பாலில் உள்ள சர்க்கரை இந்தக் குட்டிகளுக்குச் செரிக்காது. பேதியாகும், ஏற்கெனவே வற்றிய உடம்பு இன்னும் வற்றும், மறுநாள் முடிந்துவிடும். ஈப்போவில் செல்லப்பிராணிக் கடைகளில் பூனைக்குட்டிக்கான பால் மாவு கிடைக்கும். வனவிலங்கு அதிகாரிகள் வரத் தாமதமாகும் என்று தெரிந்தால் மட்டும் அதை வாங்குங்கள்.

கண் திறந்து, பல் முளைத்து, தானே நடக்கும் குட்டி என்றால், சூடும் நீரும் ஏறிய பிறகு நன்றாகப் பழுத்த வாழைப்பழமோ பப்பாளியோ மசித்து வைக்கலாம். உப்பு மசாலா இல்லாமல் அவித்த முட்டை கொஞ்சம் வைக்கலாம். சோறு, ரொட்டி, பிஸ்கட் வேண்டாம்.

8. குப்புறப் படுத்த நிலையில் ஊட்டுங்கள்.

மனிதக் குழந்தைபோல் மல்லாத்தி மடியில் கிடத்தக்கூடாது. நாலு காலும் துண்டில் ஊன்றி, வயிறு கீழாக, தலை சற்றே தூக்கி இருக்க வேண்டும். தாயிடம் அது அப்படித்தான் குடிக்கும். மூக்கில் பால் குமிழி வந்தால் உடனே நிறுத்துங்கள், தலையைத் தாழ்த்தித் துடையுங்கள்.

அளவு முக்கியம். நூறு கிராம் எடைக்கு ஒரு வேளைக்கு நாலு முதல் ஐந்து மில்லி, அதற்கு மேல் வேண்டாம். கண் திறக்காததற்கு இரண்டு மூன்று மணிக்கு ஒரு முறை, கண் திறந்ததற்கு நாலு மணிக்கு ஒரு முறை. மெலிந்த குட்டியைப் பார்த்து மனம் இளகி அதிகம் ஊட்டியதால் செத்தவை, பட்டினியால் செத்தவற்றுக்குக் குறைந்தவை அல்ல.

9. ஊட்டியதும் துடைத்துவிடுங்கள்.

கண் திறக்காத குட்டியால் தானாகச் சிறுநீர் கழிக்க முடியாது. தாய் நக்கிவிட்டால்தான் வரும். பஞ்சை வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்து, வாலுக்கு அடியில் மெல்லத் தட்டித் தட்டித் துடையுங்கள். ஒரு நிமிஷத்துக்குள் பஞ்சு மஞ்சளாக நனையும். இதை விட்டுவிட்டால் மூத்திரப்பை வீங்கி உயிரே போகும்.

10. நிறுத்துப் பாருங்கள், எழுதி வையுங்கள்.

சமையல் தராசு போதும். கிண்ணத்தில் துணி போட்டு முள்ளைச் சுழியத்தில் வைத்துவிட்டுக் குட்டியை வையுங்கள். எங்கே கண்டெடுத்தீர்கள், எத்தனை மணிக்கு, எடை எவ்வளவு, என்ன கொடுத்தீர்கள், எவ்வளவு, மலம் சிறுநீர் வந்ததா, எல்லாவற்றையும் ஒரு தாளில் குறியுங்கள். பிறந்த குட்டி ஏறத்தாழ 80 கிராம் இருக்கும். வளர்ந்த மூசாங் இரண்டு முதல் ஐந்து கிலோ. ஒரு ராத்திரியில் எடை ஏறாவிட்டாலும் கவலையில்லை, இறங்காமல் இருந்தாலே வெற்றி. மறுநாள் குட்டியை வாங்கிக்கொள்பவருக்கு உங்கள் தாள் நீங்கள் கொடுத்த பாலைவிடப் பெரிய உதவி.

11. வீட்டு மருந்து எதுவும் வேண்டாம்.

பனடோல் பூனைக்கு நஞ்சு. பூனையின் தூரத்து உறவான மூசாங்குக்கும் கொடுத்துப் பார்க்கக்கூடாது. பூனை கடித்த குட்டி வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே சீழ் பிடிக்கும், அன்றோ மறுநாளோ கால்நடை மருத்துவர் பார்த்தாக வேண்டும். கைகால் முறிந்திருந்தால் நீங்கள் கட்டுப் போடாதீர்கள், அசையாமல் வைத்திருந்தால் போதும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். மூசாங் கறி ஆஸ்துமாவுக்கு நல்லது என்று கேட்டு வருபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தமிழ்நாட்டில் முள்ளெலியின் முள்ளைச் சுட்டுக் கக்குவானுக்குக் கொடுத்தார்கள். இரண்டிலும் மருந்து இல்லை. இளைப்புக்கு அரசாங்கக் கிளினிக்கில் மருந்து இருக்கிறது. யார் கேட்டாலும் குட்டியைக் கொடுக்காதீர்கள்.

12. அன்றைக்கே பெர்ஹிலித்தானுக்குச் சொல்லுங்கள்.

போத்தலில் தண்ணீர் நிரப்பியதும் அடுத்த வேலை தொலைபேசி. பெர்ஹிலித்தான் என்பது வனவிலங்கு இலாகா. அதன் இலவச எண் 1-800-88-5151. பேராக் மாநில அலுவலகம் ஈப்போவில் இருக்கிறது. நம் மாநிலத்திலேயே சுங்காயில் தேசிய வனவிலங்கு மீட்பு மையமும் உண்டு. 2010ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, அதாவது சட்டம் 716இன்படி, மூசாங்கைப் பிடிக்கவும் வைத்திருக்கவும் உரிமம் வேண்டும். எறும்புத்தின்னியும் தேவாங்கும் முழுப் பாதுகாப்பில் உள்ளவை. காப்பாற்ற எடுத்தோம் என்று நீங்கள் சொல்வதற்குச் சாட்சி, நீங்கள் உடனே கொடுத்த தகவல்தான். எத்தனை மணிக்கு யாரிடம் பேசினீர்கள் என்பதையும் அதே தாளில் எழுதுங்கள். படம் எடுத்து முகநூலில் போட்டு "யாருக்கு வேணும்?" என்று கேட்காதீர்கள். வாங்க ஆள் வரும், வருகிறவன் கூண்டோடுதான் வருவான்.

13. செல்லம் கொடுக்காதீர்கள்.

இது உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும், தெரியும். கதகதப்பு ஏறியதும் குட்டி உங்கள் கையில் முகத்தைப் புதைக்கும், விரலைச் சப்பும். பெயர் வைக்கத் தோன்றும். வைக்காதீர்கள். பெட்டியின் மேல் துணி போட்டு இருட்டாக்குங்கள், தொலைக்காட்சியை அணையுங்கள், வேலை முடிந்ததும் கையை எடுத்துவிடுங்கள். மனிதனைக் கண்டு ஓடத் தெரியாத மூசாங், காட்டுக்குப் போனாலும் மறுபடி யாரோ ஒருவர் வீட்டு வாசலுக்குத்தான் வரும். அங்கே அதற்குக் காத்திருப்பது கல்லும் நாயும் வலையும். உங்களிடம் அது பயப்பட வேண்டும். அந்தப் பயத்தைக் கெடுக்காமல் திருப்பிக் கொடுப்பதுதான் நீங்கள் அதற்குச் செய்யும் பெரிய நன்மை.

வளர்ந்த மூசாங் ஒரு வீட்டுக்கு அடங்கவும் அடங்காது. ராத்திரி முழுக்க அலையும், ஏறும், கடிக்கும், நாறும். அழகாக இருந்த குட்டி ஒரு வருஷத்தில் கூண்டுக்குள் வட்டம் சுற்றும் விலங்காகிவிடும்.

14. செத்துப்போனால் மனம் உடையாதீர்கள்.

குளிர்ந்து மெலிந்த குட்டிகளில் பல, எல்லாம் சரியாகச் செய்தாலும் பிழைப்பதில்லை. சூடான இடத்தில், இருட்டில், நாய் வாயில் சிக்காமல் போனதே அதற்குக் கிடைத்த நல்லது. ஆழமாகப் புதையுங்கள், கையைக் கழுவுங்கள், இலாகாவுக்குச் சொல்லிவிடுங்கள். அடுத்த மழையில் இன்னொன்று வரும். அப்போது உங்கள் கை இன்னும் பழகியிருக்கும்.

பிள்ளைகளே, மூசாங் பழத்தைத் தின்று விதையைத் தூரத்தில் போடும், செம்பனைக் காட்டில் எலியைப் பிடிக்கும். நாம் நட்ட மரங்கள் போன பிறகும் இந்த மலை அடிவாரத்தில் காடு முளைப்பதற்கு அதுவும் ஒரு காரணம். அதன் இடத்தில் வீடு கட்டிக் குடியேறியவர்கள் நாம், அதனால் அதற்கு நாம் கடன்பட்டிருக்கிறோம். வீட்டில் ஒரு பெட்டி, இரண்டு பழைய துண்டு, ஒரு போத்தல், ஊசியில்லாத ஒரு சிரிஞ்சு, ஒரு பாக்கெட் உப்புச் சர்க்கரைப் பொடி, அந்தத் தொலைபேசி எண், இவற்றை மழைக்காலத்துக்கு முன்பே ஓர் இடத்தில் எடுத்து வையுங்கள். முதலில் சூடு, அப்புறம் நீர், அதற்கு அப்புறம்தான் தீனி, விடிந்ததும் ஒப்படைப்பு. இந்த வரிசையை மாற்றாதீர்கள்.